பின்வாசலில் ஆளுக்கு ஒரு அமுக்கு

நூற்று எண்பத்தேழு. தாவரவியல் பூங்காவின் பின்வாசல் வழியாக ஒரு நாளைக்கு உள்ளே வருகிறவர்களின் சராசரி இது. இருநூறு தேறாத வாசல்களை மூடிவிடலாம் என்று பூங்கா அலுவலகம் முடிவெடுத்தபோது பின்வாசலுக்குப் பதின்மூன்று பேர் குறைந்தது.

அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவர் பின்வாசல் காவலர். வயது ஐம்பத்தாறு. அவரைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவர் 'அக்கா'தான். பத்தொன்பது வருடமாக ஒரே பச்சை நாற்காலி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு எண்ணும் கருவி. யாராவது நுழைந்தால் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, எண் ஒன்று ஏறும். அனுமதி இலவசம் என்பதால் சீட்டு கிடையாது.

அக்காவிடம் ஒரு பழக்கம். ஒரு ஆளை ஒரு நாளில் ஒரு தடவைதான் அமுக்குவார். இலைகளை வரைய வரும் பெண்ணுக்கு ஒன்று. பெயர்ப்பலகைகளை மட்டும் படித்துவிட்டு மரத்தை நிமிர்ந்து பார்க்காமல் போகிறவருக்கும் ஒன்று. சட்டை மாற்றிக்கொண்டு சாயங்காலம் மறுபடி வந்தாலும் அக்கா ஏமாற மாட்டார். முன்வாசல் காவலர் அப்படியில்லை. தான் டீ குடித்துவிட்டுத் திரும்பினால்கூட ஒரு அமுக்கு அமுக்குவார்.

வேறு வாசலாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. ஆனால் குழாய் பதிக்க அல்லிக் குளத்தருகே நடைபாதையைத் தோண்டி, பலகை வைத்து அடைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. குழாய் இன்னும் வரவில்லை. அதனால் காலையில் நடக்கிறவர்கள், கள்ளிச்செடிக் கண்ணாடி வீட்டுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கம் மட்டும் சுழலும் இரும்புக் கதவு வழியாகத் தெருவுக்கு வந்து, நாற்பது அடி நடந்து, பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே போவார்கள். சுற்றுக்கு ஒரு தடவை. ஓய்வுபெற்ற பல் டாக்டர் தினமும் எட்டுச் சுற்று. அக்கா கணக்கில் அவர் ஒரு ஆள்.

வாசலை மூடினால் அக்காவுக்கு வேலை போகாது, முன்வாசலுக்கு மாற்றுவார்கள். முன்வாசல் இரண்டு பஸ் தள்ளி இருக்கிறது. அக்காவின் வீடு பின்வாசலுக்கு நேர் எதிரே, முதல் மாடி. இடுப்பெலும்பு முறிந்த கணவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். தண்ணீரோ மாத்திரையோ வேண்டுமென்றால் மஞ்சள் துண்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். அக்கா கைக்கு அகப்பட்டவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடுவார்.

செய்தி வந்த அன்று கணவர் கேட்டார். "பதிமூணுதானே? போற போக்குல அமுக்கிட்டுப் போயேன்."

"யாருன்னு நெனச்சு அமுக்கறது?"

"என்னைய அமுக்கு. நாள் பூரா உன் பூங்காவைத்தானே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

"நீங்க உள்ள வரலையே."

கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பல் டாக்டரும் முயன்று பார்த்தார். "அக்கா, நான் எட்டுத் தடவை வர்றேன். எட்டுப் பேருன்னு வச்சுக்குங்களேன்."

"எட்டுப் பேருன்னா எட்டுப் பல் செட்டு இருக்கணுமே டாக்டர்."

டாக்டர் தன்னிடமிருந்த ஒரே செட்டை இறுக மூடிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

வாசலை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்குமுன் கண்காணிப்பாளர் ஒரு நாள் நேரில் எண்ண வேண்டும் என்பது விதி. காலை ஐந்தரைக்கு அவர் சொந்தக் கருவியோடு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். ஏழு மணிக்குக் கருவியைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"நேத்து முழு நாளைக்கும் நூத்தி எண்பத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க. இப்பவே இருநூத்திப் பன்னெண்டு ஆச்சே. எப்படிம்மா?"

அக்கா பேசாமல் இருந்தால் வாசல் பிழைத்துவிடும். எதிரே ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உங்க கணக்குல டாக்டர் மட்டும் அஞ்சு பேரு சார். ஆளா எண்ணினா நாப்பத்தொண்ணுதான்."

"ஆளை யாரு எண்ணச் சொன்னா? வாசலைத் தாண்டினா ஒண்ணு. முன்வாசல்ல அப்படித்தானே நடக்குது? பத்தொன்பது வருஷமா உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

"ஒருத்தரும் கேக்கலை சார்."

அப்போது மஞ்சள் துண்டு வெளியே வந்தது. அக்கா வழக்கம்போல ஓடினார். கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், வேறு வழியில்லை. ஆறு நிமிடத்தில் அக்கா திரும்பி வந்து வாசலைத் தாண்டியதும் கண்காணிப்பாளர் தன் கருவியை அமுக்கினார்.

"நீங்களும் ஒண்ணு."

மாலையில் அறுநூற்று நாற்பத்தொன்று ஆகியிருந்தது. வாசலை மூட வேண்டியதில்லை என்று கண்காணிப்பாளர் எழுதினார். பத்தொன்பது வருடம் குறைத்து எண்ணியதற்கு விளக்கம் கேட்டு அக்காவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். அக்கா ஒரே வரியில் பதில் கொடுத்தார்: 'ஆட்களை எண்ணினேன்.' கோப்பு அத்துடன் மூடப்பட்டது.

இப்போது அக்காவிடம் இரண்டு கருவிகள். வலது கையில் இருப்பது அலுவலகத்துக்கு, இடது கையில் இருப்பது அவருக்கு. போன திங்கட்கிழமை வலது கை அறுநூற்று முப்பத்துமூன்று, இடது கை நூற்று எண்பத்தொன்பது.

அல்லிக் குளத்தருகே உள்ள பலகையில் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். குழாய் வந்துவிட்டது, நடைபாதை அடுத்த மாதம் திறக்கப்படும், நடக்கிறவர்கள் இனித் தெருவுக்கு வராமலே சுற்றலாம்.