வெயிலில் வைத்த பேட்டரிகள்

சைகோனில் வேலையாக இருந்த அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு டார்ச் விளக்கு கொண்டுவந்தான். இரண்டு பேட்டரி போடும் சின்ன விளக்கு. அவன் கப்பலேறிப் போனதும் அதைக் கழற்றிவிட்டேன். எனக்கு அப்போது கல்யாண வயது. "உன் கை சும்மாவே இருக்காதா? பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இன்னான்னு சொல்றது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடிகாரம், பூட்டு, தையல் மிஷின் என்று வீட்டில் என் கைக்குத் தப்பிய சாமான் கிடையாது. கழற்றிப் பார்த்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு திமிர் எனக்கு.

விளக்கில் கை வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் எங்கள் தெருக் கிறிஸ்தவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். ஆண்டவர் பட்ட பாடுகளை அப்பா புத்தகம் பார்த்து வாசிப்பார். பீரோ என்கிற சர்க்கார் ஆபீஸில் எழுத்தராக இருந்து பென்ஷன் வாங்கியவர் அவர். துரைமார் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவருடைய குரல் தெருக்கோடி வரை கேட்கும்.

அந்த வருஷம் வாசிப்பு தொடங்கியபோது அவர் தடுமாறினார். ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தார், அடுத்ததை விட்டுவிட்டார். கோவில் சாமியார் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லட்டுமா என்று தன்மையாகத்தான் கேட்டார். வாசிப்பும் கையைவிட்டுப் போனால் அப்பா ஒடிந்துபோவார் என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வெளிச்சம் பத்தல, அவ்ளோதான்" என்றார் அப்பா. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வெள்ளைக்காரத் தெருக்களில் மின்சார விளக்கு எரிந்த காலம் அது. எங்கள் தெருவில் மண்ணெண்ணெய்தான். அதனால் அவர் சொன்னதை நம்பினேன். நம்ப வேண்டும்போல் இருந்தது. கண்ணை என்னால் கழற்றிப் பார்க்க முடியாது. விளக்கை முடியும்.

அடிமூடியை எடுத்துவிட்டு, பிஸ்கட் டப்பாத் தகரத்தை உருட்டிச் செருகி, மூன்றாவது பேட்டரிக்கு இடம் செய்தேன். தகரம் நழுவாமலிருக்கச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். விரல் கிழிந்ததுதான் மிச்சம். முதல் பல்பு பளிச்சென்று எரிந்து அந்த நொடியே கருகிப்போனது. மூன்று பேட்டரி தாங்குகிற பல்பைத் தேடிப் பிடித்து மாட்டினேன். வெளிச்சம் புத்தகத்தில் ஒரு வட்டமாக மட்டும் விழுந்ததால் கண்ணாடி மேல் மெழுகுத்தாள் ஒட்டிப் பரப்பினேன். கடைசியில், புத்தகம் வைக்கிற மரத்தாங்கியிலேயே விளக்கைப் பொருத்தினேன். அப்பா சுவிட்சைத் தள்ளினால் போதும், பக்கம் முழுவதும் விளங்கும்.

"இப்ப நல்லா தெரியுது பாப்பா" என்றார். அடுத்த வெள்ளி வாசிப்பில் ஒரு சொல் பிசகவில்லை. சாமியாரும் பேச்சை விட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொல்லையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

மூன்று பேட்டரி சீக்கிரமே சோர்ந்துபோகும். சோர்ந்த பேட்டரியை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று ஊரில் எல்லோரும் செய்வதுதான். பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளியன்று மத்தியானம் மூன்றையும் எடுத்து மொட்டை மாடியில் வரிசையாகப் பரப்பினேன். பிறகு சிலுவைப்பாதைக்குக் கோவிலுக்குப் போனேன். அன்று அது நீண்டுவிட்டது. வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தேன்.

வந்தபோது வாசிப்பு தொடங்கியிருந்தது. ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தாங்கியின் முதுகுதான் தெரியும். அரிக்கேன் விளக்கு வாசல் பக்கம் தொங்கியது. அப்பாவின் குரல் தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஆண்டவருக்காகச் சீமோன் சிலுவை சுமக்கிற இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஓரமாக நடந்து அவர் பின்னால் போய் நின்றேன்.

புத்தகம் இருட்டில் கிடந்தது. சுவிட்ச் தள்ளியிருந்தது. விளக்கு எரியவில்லை.

பேட்டரிகள் மாடியில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்பா விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனார். பக்கம் முடிகிற இடத்தில் நிதானமாகத் திருப்பினார். அவருக்கு எல்லாம் மனப்பாடம். நான் தகரத்தை உருட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவர் பகலெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை ஜெபம் என்று நினைத்திருந்தேன். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

எல்லோரும் போன பிறகு அப்பா கையால் துழாவி, பேட்டரி வீணாகக் கூடாதென்று சுவிட்சை இழுத்து அணைத்தார்.

"இன்னிக்கு வெளிச்சம் ரொம்ப நல்லா இருந்துது பாப்பா. வெயில்ல வெச்சியா?"

"வெச்சேம்பா" என்றேன்.