பாஸ் ஆகிப்போன அண்ணன்

குமுளியில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிட முடியும் என்றால் அது ‘பாஸ்’தான். என் சித்தி ஓட்டியிருக்கிறாள். கண்ணால் பார்த்த சாட்சி நான்.

சித்தி என் அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தேக்கடி போகிற ரோட்டில் ஏலக்காய், மிளகு, முந்திரி விற்கும் கடையில் அவளுக்கு வேலை. அம்மா ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிவிட்டு வீடு வந்து சேர இருட்டிவிடும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் சித்தியின் கடைக்குப் போய்விடுவேன். அப்போது மூன்றாம் வகுப்பு. முந்திரிப் பருப்புக்கும் எனக்கும் நல்ல உறவு இருந்த காலம்.

பாஸ் என்றால் முதலாளி என்று எங்கள் இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். டீச்சர் கடைத்தெருப் பக்கமே வந்ததில்லை போலிருக்கிறது. வழியே போகிற டூரிஸ்ட்டை நிறுத்துவதற்குச் சித்தி ‘பாஸ்!’ என்பாள். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் ‘பா...ஸ்’ என்று ஒரு இழுவை. உங்களுக்கே இது நல்லாயிருக்கா என்று அதற்கு அர்த்தம். எல்லாவற்றையும் தின்று பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் நகர்கிறவருக்கு ‘ஓகே பாஸ்’, அதாவது போய்த்தொலை. முறைத்து முறைத்துப் பார்ப்பவனிடம் ‘என்ன பாஸ்?’ என்று ஒன்று கேட்பாள் பாருங்கள், அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். கடைவாசலை மறித்துப் படுத்திருக்கும் மாடுகூட அவளுக்கு பாஸ்தான். என் கை முந்திரி டப்பாவுக்குள் போகும்போது நானும் பாஸ்.

அந்த வேலையைச் செய்ய ஊரில் வேறு சொற்கள் இல்லாமலில்லை. மலையாளத்துக்காரர்கள் சேட்டா என்பார்கள், சாரே என்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் அரை டவுசரோடு வருகிற வெள்ளைக்காரரையும் முதலாளி என்பார். என் அப்பாவுக்கு எல்லாருமே தலைவர். ஆனால் தெரிந்த ஆண்களுக்கென்று சித்தி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: அண்ணே. ஜீப் டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், டீக்கடைக்காரர், எல்லாரும் அண்ணே. கல்யாணமாகாத பெண் கடைத்தெருவில் நிற்க வேண்டுமானால் அந்தச் சொல் வாயில் இருக்க வேண்டும், அப்போதுதான் எவனும் வாலாட்ட மாட்டான் என்று அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆக, தெரியாதவர் பாஸ், தெரிந்தவர் அண்ணே. எனக்கே மனப்பாடம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஜீப் டிரைவர் விஷயத்தில் மட்டும் குளறுபடி நடந்தது. டூரிஸ்ட்டுகளை எங்கள் கடைக்குக் கூட்டிவருகிறவர் அவர். வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்த தமிழர். ஒல்லியான ஆள், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். முதலில் அவரும் அண்ணேயாகத்தான் இருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் பாஸ் ஆகிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. ஒழுங்காக அண்ணனாக இருந்த மனுஷரைத் தெரியாதவர் பக்கம் தள்ளிவிட்டாளே, இவர்களுக்குள் என்ன சண்டையோ என்று நினைத்தேன். பாவப்பட்டு என் முந்திரியில் அவருக்கும் பங்கு கொடுத்தேன். சண்டை போட்டவர் மாதிரியும் அவர் நடந்துகொள்ளவில்லை. டூரிஸ்ட் யாரும் இல்லாத நாளிலும் வந்து, ஏலக்காய் வாசனை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பத்திலிருந்து மாமா மலையேறி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர் அவர். தாத்தா போனபிறகு குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சித்திக்கு அவர் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார், சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் உள்ளவர். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு. அதற்குள் யாரோ மாமாவின் காதில் எதையோ ஓதியிருக்கிறார்கள். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்த டிரைவரைக் கூட்டிவரச் சொல்லி அப்பாவை அனுப்பினார். “அண்ணே, அடிச்சுகிடிச்சுப் போட்டுறாதீங்க” என்று அம்மா கெஞ்சினாள்.

டிரைவர் ஜீப்பிலேயே வந்து இறங்கினார். தலையைப் படிய வாரியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாமா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிற குரலில் பேசினார்.

“தம்பி, நம்ம ஆளுக வேற, ஒங்க ஆளுக வேற. ஊருக்குள்ள ஒரு பேச்சு அடிபடுது. நான் நம்பல. எந்தங்கச்சி எனக்கு முன்னால ஒருக்கா ஒங்கள அண்ணேன்னு கூப்புடட்டும், அத்தோட பேச்சு முடிஞ்சுரும். கல்யாணத்துல பந்தி விசாரிக்கிறதே நீங்கதான்.”

இவ்வளவுதானா என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்டுக்குத்து நடக்குமென்று பயந்து கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாரும் சாப்பிடப் போகலாம். அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள்.

சித்தி டீ கொண்டுவந்தாள். மாமாவுக்கு வைத்தாள், அப்பாவுக்கு வைத்தாள், டிரைவர் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். டிரைவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுத்தா” என்றார் மாமா.

மறந்துவிட்டாளோ என்று நான் அவள் பாவாடையை இழுத்து, “அண்ணேன்னு சொல்லு சித்தி” என்று எடுத்துக்கொடுத்தேன்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. “டீ ஆறிரும் பாஸ், குடிங்க” என்றாள்.

அவள் பாஸ் என்று சொல்லும் விதங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. இது எதிலும் சேரவில்லை. யாரையும் கூப்பிடவில்லை, விரட்டவில்லை, விலை பேசவில்லை. அவ்வளவு மெதுவாக அந்தச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. டிரைவர் டம்ளரை எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

“ஒனக்குக் காது கேக்கலயா?” மாமாவின் குரல் உயர்ந்தது.

“கேட்டுச்சுண்ணே.” சித்திக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனாலும் குரல் உடையவில்லை. “எனக்கு அண்ணேன்னா நீங்க ஒருத்தருதாண்ணே.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அம்மா பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா சித்தியின் முதுகில் நாலு அடி வைத்தாள், அடித்த கையோடு கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டில் எது நிஜம் என்று எனக்கு விளங்கவில்லை. இந்தச் சித்தி ஒரு சின்ன வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

வெளியே வெயில் சுட்டது. பஸ் ஸ்டாண்டு தூரம். டிரைவர் மெல்ல மாமாவிடம் போய், “ஏறுங்கய்யா, கொண்டுபோய் விட்டுர்றேன்” என்றார். மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சித்தி விட்டதை நானாவது சரிசெய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. வாசலுக்கு ஓடி, தெருவுக்கே கேட்கும்படி, “போயிட்டு வாங்கண்ணே!” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன்.

மாமா ஜீப்புக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னை முறைத்தார்.

“ஏ கழுத! அண்ணனாம்ல அண்ணன். மொறை வச்சுக் கூப்புடப் பழகு.”

என்ன முறை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம். திட்டு வாங்கியது நான், எதற்கு அவர் அழுகிறார் என்று எனக்குக் கோபமாக இருந்தது.