மாயாண்டிக்குப் பூ வேண்டாம்

போன வெள்ளிக்கிழமை காலையில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. முதியோர் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து நானேதான் வாசிக்கிறேன். எழுத்தெழுத்தாகக் கூட்டி முடித்ததும் முதலில் வந்தது சந்தோஷம், தப்பில்லாமல் வாசித்துவிட்டேன் என்று. அப்புறம்தான் வாசித்தது உறைத்தது. ‘அப்பா இறந்துட்டாங்க பெரியப்பா.’ அனுப்பியது மாயாண்டியின் மகள்.

அவனோடு ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு முந்தைய கதை உங்களில் பலருக்குத் தெரியாது.

செம்பட்டிக்குத் தெற்கே ஒரு மல்லிகைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் கொத்தடிமைகள். எங்கள் அப்பன்மார் வாங்கிய முன்பணத்துக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். பூப்பறிக்கும் பெண்கள் ஒரு மொட்டைக்கூடத் தலையில் வைக்கக் கூடாது. வெளியே போகும்போது கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

மாயாண்டியின் அம்மா செத்த அன்று முகூர்த்த நாள். பறித்து முடித்த பிறகுதான் பிணத்தை எடுக்க விட்டார்கள். அவள்மேல் போட ஒரு கைப்பிடி பூ கேட்டான். “ஏலே, இன்னைக்குப் பூ என்ன வெலைன்னு தெரியுமா?” என்றார் முதலாளி. ஆயுள் முழுக்கப் பூப்பறித்தவள் வெறும் உடம்பாகக் குழிக்குள் போனாள்.

அதிகாரிகள் எங்களை மீட்டுத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய், மேடையில் நிறுத்தி மாலை போட்டார்கள். நாங்கள் எல்லாரும் குனிந்தோம். மாயாண்டி மட்டும் பின்னால் நகர்ந்தான். “வேணாங்கய்யா, இது நாங்க பறிச்சதுதான்” என்றான். போட்டோவில் அவன் இல்லை.

அதன் பிறகு ஊரில் ஒருவரும் எங்களுக்கு வேலை தரவில்லை. சுற்றியிருந்த தோட்டமெல்லாம் முதலாளியின் சொந்தக்காரர்களுடையது. அப்படித்தான் சந்தைக்கு வந்தோம். “அவுத்து விட்டுட்டாங்கண்ணே, மேயத்தான் எடமில்ல” என்பான்.

மனைவி பேச்சி பூ வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். என் கையைப் பிடித்து ஒருமுறை சொன்னான்: “எங்காத்தாளுக்கு இல்லாதது, செத்தாலும் எனக்கு வேணாம்.”

அதனால் அவன் வீட்டுக்குப் போனதும் பேச்சியைக் கேட்டுக்கொண்டு, ஓர் அட்டையில் எழுதிப் பந்தல் காலில் கட்டினேன். ‘பூ, மாலை வேண்டாம். இது மாயாண்டி சொன்னது.’ ஊர் வாசிக்க நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். வந்தவர்கள் வாசித்துவிட்டு மாலையை வேலிமேல் வைத்தார்கள். சாவு வீட்டில் சொல்லக் கூடாதுதான். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

மதியம் ஒரு கார் வந்தது. முதலாளியின் மகன், கையில் பெரிய மல்லிகை மாலை. “எங்க வீட்டுல ஒருத்தரா இருந்தவரு” என்று பேச்சியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் வழிவிட்டது. என் காலும் ஒதுங்கத்தான் பார்த்தது. ஒதுங்காமல் அட்டையைக் காட்டினேன்.

“அட, ஒரு மாலைதான பெரியவரே.”

“வாசிங்க” என்றேன். அவர் வாசிக்கவில்லை. நானே விரல் வைத்து, சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். எனக்கு அவ்வளவு மெதுவாகத்தான் வரும். முடியும்வரை அவர் மாலையைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பிறகு அதைக் காரிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. மாயாண்டியின் பெயர் கொஞ்சம் கோணலாக இருக்கும். என் முறை வரும்போது பெயரை மட்டும் மாற்றிக் கட்டுங்கள்.