மாலையைக் கழற்றிய சாயங்காலம்

போன ஐப்பசியில், மழை பெய்த ஒரு சாயங்காலம், என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வண்டியோடு விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர். நின்று வேலை செய்ய வேண்டிய கால் அது. சேலத்து ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து அழுதேன். கால் கூடிவிடும் என்றார் டாக்டர். கூடினால் எங்கே போவார்? நேராகக் கடைக்குத்தான். அதை நினைத்துத்தான் அழுதேன்.

முருகன் அடியார்களே, உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு முருகன் மேலேயே பொறாமை. தைப்பூசத்துக்கு மாலை போட்டால் இந்த மனுஷன் ஒரு சொட்டுத் தொடமாட்டார். பழனிக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிற சாயங்காலமே கடையில் நிற்பார். சாமிக்கென்றால் முடிகிறது, கட்டின பெண்டாட்டிக்கென்றால் முடியாதா? இதை எத்தனை தரம் அவர் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருப்பேன். அன்றும் மனம் வெறுத்துப்போய், "அப்பனே, உம் பேச்சைத்தானே கேக்கறாரு. நீயே வந்து பேசிக்க" என்று வேண்டினேன்.

மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் வந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்தான், பேச்சிலேயே தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, உங்க குடியப் பத்திக் கொஞ்ச நேரம் பேசலாமுங்களா?"

நான் பேச்செடுத்தால் எகிறுகிறவர், அவளுக்குத் தலையாட்டினார். குடிப்பதில் என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டாள். இவர் கண் கலங்கிவிட்டது.

"எம் புள்ள பக்கத்துல வரமாட்டேங்குதுங்க சிஸ்டர். நாத்தம்னு மூஞ்சியத் திருப்பிக்குது."

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மாலை போடுகிற கதையையும் அவளிடமே சொன்னார்.

"அப்ப உங்களால நிறுத்த முடியுதுங்களே அண்ணா! ஊட்டுக்குப் போனதும் என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

எதை வைத்து நான் அவரைக் குத்தினேனோ, அதையே எடுத்து அவருக்குத் தெம்பு கொடுத்துவிட்டாள். அதுவும் காபி ஆறுகிற நேரத்துக்குள். கடை இருக்கிற ரோட்டில் போகமாட்டேன், தறி நின்றதும் நேராக வீடு என்று அவர் வாயாலேயே வந்தது. குடி நின்றதால் வந்த கை நடுக்கத்துக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

அவள் போன பிறகும் எனக்கு ஆறவில்லை.

"ஏனுங்க, நாஞ் சொன்னாக் காதுல ஏறாது, அவ சொன்னா ஏறுதுங்களா?"

"நீ திட்டுவ சரசு. அந்த நர்ஸ் புள்ள கேட்டுச்சு."

காபி டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

கால் கூடியது. கடைப் பக்கம் போகவில்லை. தையில் மாலை போட்டார். அவ்வளவு தூரம் நடக்க முடியாததால் வேனில் பழனிக்குப் போய் வந்தார். நான் பயந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலமும் வந்தது. மாலையைக் கழற்றிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். நாக்கு நுனிவரை வசவு வந்துவிட்டது. முருகா, ஒரே ஒரு தரம் என் வாயிலும் வந்து பேசு என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏனுங்க, இப்ப எப்படி இருக்குதுங்க?"

திரும்பிப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குடிக்கோணும்னு கை பரபரங்குது சரசு. செத்த நேரம் எங்கூடப் பேசிட்டு இரு."

என்னிடம் சொன்னார். அந்த நர்ஸிடம் இல்லை, என்னிடம். பேசிக்கொண்டே இருந்தோம். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்த மகளும் வந்து அவர் மடியில் சாய்ந்துகொண்டாள். அன்று அவர் எங்கும் போகவில்லை. இன்றுவரை கடைக்குப் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தக் கஷ்டம் இருந்தால் முருகனைக் கூப்பிடுங்கள். அவன் யார் வாயில் வந்து பேசுவான் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஆஸ்பத்திரியில் யாராவது பேச வந்தால் பேச விடுங்கள். தினமும் விளக்கேற்றியதும் இவர், "அந்த சிஸ்டர் நல்லா இருக்கோணும்" என்று கும்பிடுகிறார். எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் பக்கத்தில் நின்று நானும் கும்பிடுகிறேன்.