அடித்தட்டில் பால் பவுடர்

துறைமுகத்தில் அவளுக்கு ‘அடுக்கக்கா’ என்று பெயர். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கண்டெய்னரும் எந்த வரிசையில், எதன் மேல், எதன் கீழ் உட்கார வேண்டும் என்று கணினியைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். வீட்டிலும் அதே புத்திதான். கனமான பாத்திரம் அடியில், லேசானது மேலே. “ஒரு வாணலி எடுக்கணும்னா முதல்ல உனக்கு மனு போடணும் போலிருக்கே” என்று அவள் கணவர் சமையலறையில் நின்று புலம்புவார்.

கனம் அடியில், லேசு மேலே என்பதுதான் துறைமுகத்திலும் சட்டம். மீறினால் அடுக்கு சரிந்து ஆள் சாவான். சாதாரண நாளில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, பெட்டிகள் வந்த வேகத்தில் போய்விடும். அந்த வருஷம் கப்பல்கள் மொத்தமாக வந்து குவிந்தன. சரக்கை ஏற்றிப்போக லாரிகள் போதவில்லை. பெட்டிகள் ஐந்தடுக்கு உயரத்துக்கு ஏறி நின்றன, கடலில் இன்னும் பதினான்கு கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. சோப்பும் சர்க்கரையும் பால் பவுடரும் கனம் என்பதால் அடியில் மாட்டிக்கொண்டன. பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக் பூவும் ஜம்மென்று மேலே உட்கார்ந்திருந்து முதலில் வெளியே போயின. ஊரில் குளிக்கச் சோப்பில்லை, கடைக்குக் கடை பிளாஸ்டிக் ரோஜா மட்டும் தொங்கியது. என்ன நியாயமோ!

தினமும் காலை ஒன்பது பத்துக்கு அவள் மேஜைத் தொலைபேசி அடிக்கும். மருந்து மொத்த வியாபாரி ஒருவர். வயதானவர், குரலை உயர்த்தவே தெரியாதவர். சில குழந்தைகளுக்குச் சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கான தனிப் பால் பவுடர் அவருடைய பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டி ஏழாவது வரிசையில், நாலு பெட்டிக்கு அடியில் இருந்தது.

“அம்மா, நம்ம பெட்டி மேல வந்துருச்சா? என் லாரி வாசல்லயேதான் நிக்குது.”

“வரிசைப்படிதான் சார். மேல இருக்கறவங்க எடுத்தாதானே உங்களது வரும்?”

“சரிம்மா. சின்னப் பிள்ளைங்க விஷயம், அதான் கேட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

அவளை ஈரமில்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். மேலதிகாரியின் மச்சான் தன் டைல்ஸ் பெட்டிக்காக வந்து குட்டிக்கரணம் போட்டபோதுகூட அவள் அசையவில்லை. ஒருத்தருக்கு வளைந்தால் ஊரே வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கறாரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

வியாபாரி கூப்பிட ஆரம்பித்த பதினோராவது நாள் மதியம் தங்கை கூப்பிட்டாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அக்காதான். தலைபின்னி விட்டதிலிருந்து பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றதுவரை எல்லாம் அவள் கைதான். குழந்தைக்கு ஆறு மாதம்.

“அக்கா, பாப்பாவோட டின்னுல அடி தெரியுதுக்கா. நாளைக்கு வரைக்கும்தான் வரும். ஊரெல்லாம் தேடிட்டோம். வேற பால் குடுத்தா ரத்தமா போகுது, குடுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“முன்னாடியே ஏன்டி சொல்லல?”

“உன் வேலையில உன்னை சங்கடத்துல மாட்டிவிடக் கூடாதுன்னுதான்...”

எந்தப் பவுடர் என்று கேட்டாள். தங்கை பெயரைச் சொன்னதும் கணினியில் அந்த வியாபாரியின் பெட்டியைத் தேடினாள். ஏழாவது வரிசை, அடித்தட்டு.

அதன்பிறகு அவள் கை தானாக வேலை செய்தது. எட்டாவது வரிசைக் கோடியில், மறுநாள் கப்பலுக்கென்று ஒதுக்கிய நாலு இடம் காலியாக இருந்தது. பெட்டியை இடம் மாற்றக் காரணம் கேட்கும் பட்டியலைத் திறந்தாள். ஐந்தாவதாக ‘மருத்துவ அவசரம்’ என்று இருந்தது. பத்தொன்பது வருஷமாக அது அங்கேயேதான் இருந்தது. அழுத்தினாள். ஷிப்ட் அதிகாரி ஒப்புதல் கொடுத்துவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிரேன்காரரை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள்.

“அண்ணே, சாப்பாட்டு நேரத்துல ஒரு உதவி. நாலை இறக்கி, அடியில இருக்கறதை எடுத்துட்டு, நாலையும் திருப்பி வைக்கணும்.”

“இவ்வளவுதானா? நீ கூப்பிட்ட தோரணைக்கு, கப்பலையே தூக்கச் சொல்லப்போறியோன்னு பயந்துட்டேன்.”

நாற்பது நிமிஷம். சரியாக நாற்பதே நிமிஷத்தில் பெட்டி வியாபாரியின் லாரியில் ஏறிவிட்டது. சாயங்காலமே கடைகளுக்கு டின் வந்தது. தங்கையின் கணவர் வரிசையில் நின்று ஒன்று வாங்கினார். ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். பாப்பா குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்று தங்கை சொன்னபோது அடுக்கக்கா அழுதேவிட்டாள்.

மறுநாள் ஒன்பது பத்துக்குத் தொலைபேசி அடித்தது. அவளுக்கு எடுக்கக் கை வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்த பிறகு அது விடுகிறதா?

“அம்மா, ரொம்ப நன்றிம்மா. நூத்தி அறுபது வீட்டுக்குப் போயிருச்சு. ரெண்டு குழந்தைங்க ஆஸ்பத்திரியில இருக்கு, அங்கயும் குடுத்தனுப்பிட்டேன். உங்களை நான் தினமும் தொந்தரவு பண்ணினேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எப்படியோ போராடி எடுத்துக் குடுத்திருக்கீங்க.”

“ஆஸ்பத்திரியிலயா? எப்பலேர்ந்து?”

“ஒண்ணு ஆறு நாளா. இன்னொண்ணு நாலு நாளா. இப்ப தேவலைன்னு சொல்றாங்க.”

அவள் நாற்காலியில் சரியாக உட்கார்ந்தாள்.

“நான் போராடவெல்லாம் இல்ல சார். நாப்பது நிமிஷ வேலை. நீங்க முதல் நாள் கேட்டப்பவே செஞ்சிருக்கலாம்.”

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

“அப்புறம் ஏம்மா செய்யல?”

“அப்ப என் தங்கச்சி கேக்கல சார்” என்றாள்.