எரிக்க முடியாத ஊர்

என் மனைவி மாலைச் செபம் முடிந்ததும் வேதாகமத்தை வரிசை தவறாமல் வாசிப்பவள். அதில் இணைச்சட்டம் என்ற நூலில் ஓர் இடம் வரும்: வேறு தெய்வங்களின் பின்னால் போன ஊரை உடைமைகளோடு எரித்துவிட வேண்டும். அது வரும்போது நான் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். போர்க்காலத்தில் மன்னாரில் எங்கள் ஊரை எரித்தவர்களும் ஊர் முழுக்கக் குற்றவாளிகள் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம்.

மெல்பேர்ணில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது என் தொழில். கோல்ஃபீல்ட் பக்கம் ஒரு யூதப் பெண்மணியின் வீட்டில் வேலை. வழக்கறிஞர், என் வயதுதான் இருக்கும். வாசல் நிலையில் விரல் நீளச் சிமிழ் ஒன்று சாய்வாகப் பூட்டியிருந்தது. கோணலைக் கண்டால் என் கை சும்மா இராது. நிமிர்த்தப் போனேன். ஓடி வந்து தடுத்தார்.

"நேராக நிற்கவேண்டும் என்றார் ஒரு ரபி, எங்கள் வேத ஆசிரியர்; படுத்திருக்கவேண்டும் என்றார் இன்னொரு ரபி. அதனால் நடுவில் சாய்த்துவிட்டோம்" என்றார். உள்ளே இறைவன் பெயர் எழுதிய தோல் சுருள் இருக்கிறதாம்.

இணைச்சட்டம் இவர்களின் வேதத்திலிருந்து எங்களுக்கு வந்ததுதான். எனக்கு வாய் நிற்கவில்லை. "உங்கட வேதம்தானே ஊரை எரிக்கச் சொல்லுது?"

அவர் கோபிக்கவில்லை. அந்தச் சட்டம் பழைய ரபிகளையும் உறுத்தியதாம். எழுதியதை அழிக்க முடியாது; ஆகவே நிபந்தனைக்கு மேல் நிபந்தனை போட்டார்கள். பெரிய மன்றம்தான் தீர்ப்புச் சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சாட்சி வேண்டும். அதோடு, ஊரில் எல்லாம் எரியவேண்டும் என்பது சட்டம். இறைவன் பெயரை எரிக்கக்கூடாது என்பதும் சட்டம். ஒரே ஒரு வாசலில் இந்தச் சிமிழ் இருந்தாலும் ஊரைத் தொட முடியாது. ஆகவே அப்படியோர் ஊர் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்று முடித்தார்களாம்.

முள்ளை முள்ளால் எடுத்திருக்கிறார்கள்! அந்தக் கிழவர்களைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

"ஒருத்தரும் மறுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒருவர் மறுத்தார். அப்படியோர் ஊர் இருந்தது, அதன் இடிபாட்டு மேட்டில் தானே உட்கார்ந்ததாகச் சொன்னார். அந்த மறுப்பையும் அழிக்காமல்தான் எழுதி வைத்திருக்கிறோம்."

எங்கள் வாசலிலும் மடு மாதா படம் இருந்தது. எரிக்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூரிகையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அன்று மாலை செபம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை நானே எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"என்னப்பா, இது வந்தா எழும்பிப் போறனீங்களெல்லே?"

"வாசியும்," என்றேன். "அப்பிடி எரிஞ்ச ஊரின்ர மேட்டில நானும் இருந்தனான்."