மேட்டை மறைத்த குரூப் போட்டோ

1. இரண்டு உத்தரவு

கிரேட் நிகோபார் தீவின் கேம்பல் பேயில் அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நின்றுவிடும். சின்னப் படகில் இறங்கி, அலை பார்த்துக் குதிக்க வேண்டும். நான் குதித்த குதியில் ஃபிலிம் பை கடலுக்குப் போய்விட்டது. காமிராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்ததால் அது பிழைத்தது. சட்டைப் பையில் இருந்த கொஞ்சம் ரோல்களை வைத்துக்கொண்டு இரண்டு வேலையை முடிக்க வேண்டும்.

போர்ட் பிளேர் ஆபீசில் நான் டெம்பரரி போட்டோகிராபர். எங்கள் ஆபீசர் ஹிந்திக்காரர். அவர் பேச்சைத் தமிழிலேயே எழுதுகிறேன். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கிரேட் நிகோபாரில் நிலம் கொடுத்துக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பிளாட்டையும் படம் எடுத்து ஃபைலில் ஒட்ட வேண்டும்.

"பிளாட் முழுக்கச் சுத்தமா இருக்கணும். போட்டோல ஜங்கிள் தெரிஞ்சா பிளாட் கேன்சல். அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் ஆபீசர். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "அங்கே மேடு கட்டி முட்டையிடற காட்டுக்கோழி ஒண்ணு இருக்காமே. அதையும் எடுத்துட்டு வா. என் ரூம்ல மாட்டணும்" என்றார்.

மனுஷருக்குப் பறவை என்றால் உயிர். காட்டையும் வெட்ட வேண்டும், காட்டுக்கோழியும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

2. அவில்தார் வீட்டு மேடு

கோழியைத் தேடிக் காட்டுக்குள் அலைந்து அட்டைக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம். கடைசியில் அது ஒரு பிளாட்டிலேயே இருந்தது. வேலூர்ப் பக்கத்து அவில்தார் ஒருவர், மாரிமுத்து என்று பெயர். நிலத்தையெல்லாம் வெட்டித் திருத்தித் தென்னங்கன்று வைத்திருந்தார். கடல் பக்க மூலையில் மட்டும் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண் மேடு. மண்ணும் இலைக் குப்பையுமாகக் கோழிகளே காலால் வாரிச் சேர்த்தது. முட்டையை அதற்குள் புதைத்துவிட்டுப் போய்விடும்; அடை காப்பதெல்லாம் இல்லை. குப்பை மக்குகிற சூட்டிலேயே குஞ்சு பொரியும்.

"அண்ணே, இது போட்டோல வந்தா உங்க பிளாட் போயிடும். ஏன் இன்னும் வெட்டாம வெச்சிருக்கீங்க?" என்றேன்.

அவில்தார் மனைவியைக் கைகாட்டினார். "நான் கடப்பாரையத் தூக்கினாலே இவ அன்னிக்கு அடுப்பு பத்த வெக்கமாட்டேங்கறா. நான் இன்னா பண்றது, சொல்லு."

செல்லம்மா அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "கப்பல் வராம ரேஷன் தீந்து போச்சு தம்பி. புள்ளைங்க பசின்னு அழுதுச்சுங்க. இந்த மேட்டத் தோண்டி முட்ட எடுத்துத்தான் வேகவெச்சுக் குடுத்தேன். சோறு போட்ட எடத்துல கடப்பாரய வெப்பாங்களா? உண்ட வூட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியா?"

"பிளாட்டே போச்சுன்னா எங்கடி போறது? மெயின்லேண்ட்ல இருந்த ஓட்டு வீட்டையும் வித்துட்டு வந்துட்டோம்" என்றார் அவில்தார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

3. ரப்பர் பல்ப்

முதலில் கோழி. என்னுடையது ட்வின் லென்ஸ் காமிரா; தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ் அதில் மாட்ட முடியாது. முன்பு ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது பயன்படுத்திய ரப்பர் பல்ப் கைவசம் இருந்தது. நீளக் குழாயின் ஒரு முனையைக் காமிராவில் மாட்டி, மறுமுனையில் உள்ள பல்பை அமுக்கினால் ஷட்டர் விழும். காமிராவை மேட்டருகே வைத்து இலை போட்டு மூடிவிட்டு, அக்காவின் சமையல் கொட்டகையில் பல்பும் கையுமாக உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கோழி வந்தது. பழுப்பு நிறம், சிவந்த முகம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால். காமிராவுக்கு முதுகைக் காட்டி நின்று ஓர் உதை உதைத்தது. லென்ஸ் முழுக்க மண். துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி வந்தது, மறுபடி உதைத்தது. "கோழி நல்லா ஃபுட்பால் ஆடுதுபா" என்று அவில்தார் சிரித்தார். மறுநாள் காமிராவைப் பக்கவாட்டில் மாற்றி வைத்தேன். கோழி நின்று நிதானமாகத் திரும்பிப் பார்த்தது. அமுக்கினேன்.

கடைசி ரோலில் ஒரு ஃபிரேம் பாக்கி. அது பிளாட்டுக்கு.

எங்கே நின்று பார்த்தாலும் மேடு தெரிந்தது. அதைத் தவிர்த்தால் பாதி நிலம் வராது, ஆபீசர் கேட்பார். யோசித்தபோது ஸ்டூடியோ புத்தி வேலை செய்தது. கல்யாண வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்திருந்தால் அதன் முன்னால் மாப்பிள்ளையின் சித்தப்பாவை நிறுத்துவோம். அவ்வளவுதான் விஷயம்.

"அண்ணே, குடும்பத்தோட வந்து மேட்டுக்கு முன்னால நில்லுங்க."

நின்றார்கள். மேட்டின் அகலத்துக்கு ஒரு குடும்பம் போதவில்லை. அவில்தார் அடுத்த பிளாட்டுச் சர்தார்ஜியைக் குடும்பத்தோடு கூட்டிவந்தார். அவருடைய உயரமும் தலைப்பாகையும் அன்றைக்கு எங்களுக்கு வரப்பிரசாதம். விஷயம் தெரிந்ததும் பரேடில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, ஸ்லோ ஷட்டர். "யாரும் அசையக் கூடாது, மூச்சு விடக் கூடாது" என்றேன். எடுத்தேன்.

4. பிரிண்ட்

போர்ட் பிளேர் திரும்பி, டாலிகஞ்சில் நான் தங்கியிருந்த அறையில் பிரிண்ட் போட்டபோதுதான் பார்த்தேன். சர்தார்ஜிக்கும் அவில்தாருக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி. அதில் கொஞ்சம் மேடு. மேட்டின் மேல், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கோழி. இத்தனை பேர் அசையாமல் நின்றதில் ஆளில்லை என்று நினைத்து வந்திருக்க வேண்டும். கோழியை மறைக்க ரீடச் செய்து பார்த்தேன். கோழி இருந்த இடத்தில் பேய் நிற்பதுபோல் ஒரு கறை வந்தது. அந்தப் பிரிண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளபடியே வேறொன்று போட்டு எடுத்துப் போனேன்.

ஆபீசர் முதலில் தனிக்கோழியின் படத்தைப் பார்த்தார். குழந்தை மாதிரி ஆகிவிட்டார். பிறகு பிளாட் படங்கள். அவில்தார் படம் வந்ததும் கை நின்றது. மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, சர்தார்ஜியின் தலைப்பாகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் தனிக்கோழியை எடுத்துப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். அந்த அம்மா கண் கலங்கியது நினைவுக்கு வந்தது.

"வீட்ல கோழி வளர்க்கறாங்களா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

ஃபைலில் 'நிலம் திருத்தியாயிற்று, கோழி வளர்ப்பும் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கும்பிட்டுவிட்டுக் கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இதோ பார், அடுத்த தடவை குரூப்பை இன்னும் கொஞ்சம் நெருக்கி நிறுத்து."

போட்டோகிராபிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடமும் அதுதான். அதற்கப்புறம் கேம்பல் பேயில் நான் எடுத்த எந்தக் குரூப்பிலும் இடைவெளி இருந்ததில்லை.